ஞாயிற்றுக்கிழமை அரை லிட்டர்

ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் கறார். அந்தக் கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் எஞ்சினுக்கு ஆபத்து, மேல்கோட்டைத் தொட்டால் நிறைவு. இப்போது அது மேல்கோட்டில் நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, ஒரு நூல் குறையவும் இல்லை.

வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் சந்தோஷப்பட்டுக் கம்பியைச் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பான். கறாரால் முடியவில்லை. ஏனென்றால் அவருக்குத் தெரிந்த வரையில், இந்த எஞ்சினுக்குள் இந்நேரம் ஒரு சொட்டு ஆயில்கூட மிச்சம் இருக்கக் கூடாது.

கறார் என்பது அவர் பெயர் இல்லை, ஊர் வைத்த பட்டம். ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவுதான் முறுக்குவார். முறுக்கி முடித்ததும் அதன் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால் கறார் பார்த்துவிட்டார் என்று பொருள். அந்தக் கோடு இல்லாமல் ஒரு வண்டியும் அவருடைய ஒர்க் ஷாப் வாசலைத் தாண்டியது கிடையாது. அவர் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளில்கூட வெள்ளைக் கோடு இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அந்தக் கேலி அவருக்கு இனிக்கும்.

வண்டி அவருடைய தங்கையுடையது. அதாவது, நாலு மாதத்துக்கு முன்பு வரை தங்கை புருஷனுடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி கொடுத்த எஞ்சின் சாதுவானது. மாப்பிள்ளையும் மச்சானான கறாரும் சேர்ந்து அதைச் சாதுவாக இருக்க விடவில்லை. டர்போ மாட்டினார்கள், பிஸ்டன்களை மாற்றினார்கள், புகைக்குழாயை அகலமாக்கினார்கள். கடைசியில் கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் டம்ளர்கள் அதிர ஆரம்பித்தன. இருவரும் அதைப் பெரிய சாதனையாக நினைத்தார்கள்.

ஒரே ஒரு குறை. எழுநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலைக் குடித்துவிடும். கீழே ஒரு சொட்டு ஒழுகாது. அத்தனையும் எஞ்சினுக்குள்ளேயே எரிந்து போகும். மாப்பிள்ளை அதற்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தார். பெட்ரோல் அவனுக்குச் சாப்பாடு, ஆயில் அவனுக்குச் சரக்கு என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டுக் கார் ஷெட்டுக்குப் போவார். சிவப்பு டின்னிலிருந்து அரை லிட்டர் ஊற்றுவார். மூடியைத் திருகிவிட்டு, விரல் முட்டியால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டி, "போதும்டா, அடங்கு" என்பார். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்கள் எல்லாம் அவரை நம்பித்தான் ஏறி இறங்கின. அவர் நம்பியது மச்சானை.

மச்சானைக் கேட்டபோதெல்லாம் மச்சான் ஒரே பதிலைத்தான் சொன்னார். டர்போ வண்டி என்றால் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். அந்தப் பதில் பாதி உண்மை. பாதி உண்மைக்குத்தான் ஆயுசு கெட்டி.

மீதிப் பாதி இதுதான். ஒவ்வொரு பிஸ்டனின் இடுப்பிலும் மூன்று வளையங்கள் உண்டு. இரண்டாவது ரிங் ஆயிலைக் கீழே வழித்துவிடுகிற ரிங். அதில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அது மேலே பார்த்திருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் கீழே வழிக்க வேண்டிய ரிங் ஆயிலை மேலே வாரிக் கொடுக்கும், எஞ்சின் அதை எரித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது பிஸ்டனுக்கு ரிங் போட்ட நேரத்தில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மேனேஜர் உள்ளே இருந்தபடியே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கதவிடுக்கு வழியாக நீட்டின கதையை மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். கறார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கை பாட்டுக்கு ரிங்கைப் போட்டது. புள்ளியைப் பார்த்தோமா என்ற கேள்வி, எஞ்சினை மூடி வெள்ளைக் கோடுகளும் போட்ட பிறகுதான் வந்தது. முதல் மாதமே மூன்றாவது பிஸ்டனின் ஸ்பார்க் பிளக் மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருப்பதைப் பார்த்ததும் பதிலும் வந்துவிட்டது.

பிரித்துச் சரி செய்ய இரண்டு நாள் போதும். ஆனால் ஏன் பிரிக்கிறோம் என்று சொல்ல வேண்டுமே. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் எல்லோருக்கும் சமாதானம் சொல்லும். தான்தான் யானை என்று நம்பிக்கொண்டிருக்கிறவனுக்கு அந்தச் சமாதானம் எடுபடாது. கறார் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது.

பிறகு ஒரு வாரம் மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை. ஐந்தே நாளில் ஆயிரம் கிலோமீட்டர். திரும்பி வரும் வழியில், பட்டப்பகலில், ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. சாலையோரம் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, டின்னைத் திறந்து, சாலைப் பக்கமாக நின்று ஊற்றிக்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி அடித்துத் தள்ளிவிட்டது. காரில் ஒரு கீறல் இல்லை. காரை எடுத்துவரப் போனது கறார்தான். ஆயில் கம்பி, முக்கோணமாக மடித்த துணியின் மேல் பத்திரமாகப் படுத்திருந்தது. புனல் அதன் இடத்தில் நின்றது. சாலையில் ஆயில் நீளமாக ஓடியிருந்தது. அவர் மிச்சத்தை ஊற்றி, மூடியைத் திருகி, காரை ஓட்டிவந்து தங்கை வீட்டு ஷெட்டில் விட்டார். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேலை, முதுகுவலி, மறுபடி வேலை என்று போனில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் உறை போட்டு மூடித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். இன்றைக்குக் காலையில் தங்கை அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து ஒர்க் ஷாப்பில் நிறுத்தி, சர்வீஸ் பண்ணி நாளாச்சு அண்ணா, என்றாள்.

அவள் பல் லேபில் வேலை பார்க்கிறாள். செயற்கைப் பல் செய்கிற வேலை. லேப் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அந்தப் பக்கம் நேர் பஸ் கிடையாது. எந்தக் காரின் பக்கத்தில் மாப்பிள்ளை செத்தாரோ அதையே எப்படி ஓட்டுகிறாய் என்று கறார் தயங்கித் தயங்கிக் கேட்டார். கார் என்ன செய்தது, அது சும்மா நின்றுகொண்டுதானே இருந்தது என்றாள். தினம் எழுபது கிலோமீட்டர், வாரம் முந்நூற்றைம்பது, நாலு மாதத்தில் ஆறாயிரம். எட்டரை லிட்டர் ஆயில் போயிருக்க வேண்டும். எஞ்சின் கொள்வதே ஐந்து லிட்டர்தான்.

ஆயில் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார்.

"ஆயிலா? எனக்கு அந்த மூடி எங்க இருக்குன்னே தெரியாது."

"வீட்டுக்கு யாராவது வந்து பாத்துக்குறாங்களா?"

"வீட்டுக்கு யாருமே வரதில்லையே அண்ணா. நீயே வரதில்ல."

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அந்தக் குத்தல் தனக்குத்தான் என்று கறார் எடுத்துக்கொண்டார். அதில் பாதி சரி.

ஒருவேளை ரிங் தானாகவே சரியாகிவிட்டதோ என்ற பைத்தியக்கார நினைப்பில் மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஈரக் கறுப்பு. எஞ்சின் வழக்கம் போலக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் வழக்கம் போல யாரோ ஊற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். கறார் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் சும்மா பயப்படுகிற ஆள் இல்லை, முறையாகப் பயப்படுகிற ஆள். ஆயில் மூடியும் எஞ்சினும் சேருகிற இடத்தில், இரண்டையும் தொடுகிற மாதிரி ஒரு வெள்ளைக் கோடு போட்டார். மூடியை அரை இஞ்ச் திருப்பினாலும் கோடு உடைந்துவிடும். ஆயில் கம்பியின் கைப்பிடிக்கும் அதே மாதிரி ஒரு கோடு. ஒரு வாரம் கழித்துக் கொண்டு வா, ஒரு சின்ன டெஸ்ட் என்று சொல்லித் தங்கையை அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை கார் வந்தது. இரண்டு கோடுகளும் தலைமுடி அளவுகூட விலகவில்லை. கம்பியை உருவினார். முந்நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் ஆயில் மேல்கோட்டில் நின்றது. விரலில் தொட்டு முகர்ந்தார். பெட்ரோல் வாசனை இல்லை, தண்ணீர் கலந்த பிசுபிசுப்பு இல்லை. நல்ல, புது ஆயில்.

அன்றைக்குச் சாயங்காலமே, பிரேக்கை ஒரு தடவை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். ஷெட் துப்புரவாக இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, ஆணியில் தொங்கும் புனல். அலமாரியில் மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்த ஒரு லிட்டர் சிவப்பு டின்கள் பன்னிரண்டு, வரிசையாக. எல்லாவற்றின் மேலும் நாலு மாதத் தூசி. எல்லாவற்றிலும் கம்பெனி சீல் அப்படியே இருந்தது. கறாருக்கு மூச்சு வந்தது. யாரும் தொடவில்லை.

முதல் டின்னை எடுத்தார். எடுத்த வேகத்தில் கை மேலே போய்விட்டது. கனமான குடம் என்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்கினால் ஆகுமே, அப்படி. காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை. சீல் உடையவில்லை, ஓட்டை இல்லை, தூசியில் அவருடைய விரல் தடம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது டின்னும் காலி. மூன்றாவதும் காலி. ஒன்பது டின்கள் காலி, மூன்று கனம். மாப்பிள்ளை போய்ப் பதினெட்டு ஞாயிறு ஆகியிருந்தது. வாரத்துக்கு அரை லிட்டர்.

கணக்குச் சரியாக வந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது. டின்களை இருந்தபடியே வைத்துவிட்டு, பிரேக் நன்றாக இருக்கிறது என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். தேநீர் குடித்துவிட்டுப் போ என்று தங்கை கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டது.

இரண்டு நாள் யோசித்தார். எப்படி யோசித்தாலும் ஓரிடத்தில்தான் வந்து நின்றது. வண்டி குடிப்பதால்தானே மாப்பிள்ளை ஊற்றுகிறான். குடிப்பதை நிறுத்திவிட்டால் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. ரிங்கைத் திருப்பிப் போட்டுவிடலாம், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிற யோசனைதான். ஆனால் பயந்த மனிதனுக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

திங்களிலிருந்து சனி வரை கார் வேண்டும், பெரிய சர்வீஸ் என்று தங்கையிடம் வாங்கி வைத்துக்கொண்டார். எஞ்சினைத் தனியாளாகப் பிரித்தார். மூன்றாவது பிஸ்டன் வெளியே வந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். புள்ளி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கண்ணால் பார்த்ததும் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். இந்தச் சின்னப் புள்ளி மேலே பார்த்திருந்தால் அந்த மனிதன் அன்றைக்கு வண்டியை நிறுத்தியிருக்க மாட்டான். புது ரிங்குகள் போட்டார். ஒவ்வொரு புள்ளியையும் பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை பார்த்தார். மூடினார், முறுக்கினார், கோடு போட்டார், மேல்கோடு வரை ஆயில் ஊற்றினார். சனிக்கிழமை சாயங்காலம் காரைக் கொடுத்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை, வழக்கமான சர்வீஸ்தான் என்றார். தங்கை பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு நிமிஷம் பார்த்தாள். பார்த்துவிட்டு, சரி அண்ணா என்றாள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம் அவளே போன் பண்ணினாள். லேபிலிருந்து வரும் வழியில் காரின் பின்னால் ஒரே புகை. கண்ணாடியில் சாலையே தெரியவில்லை. பின்னால் வந்த லாரி ஒன்று கடைசி நொடியில் பிரேக் அடித்து, ஹாரனைப் பிடித்த பிடி விடாமல் அலறிக்கொண்டு நின்றிருக்கிறது. அவள் சாலையோரம் நிறுத்திவிட்டு, காரைவிட்டுத் தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் நிற்கிறாள். எந்த இடம் என்று கேட்டார். அவள் சொன்னாள். மாப்பிள்ளை நிறுத்திய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

காரைக் கட்டி இழுத்து வந்து, கம்பியை உருவினார். மேல்கோட்டைத் தாண்டி, அதற்கும் மேலே, துணியால் துடைக்கத் துடைக்க வழிந்தது. அளவுக்கு மேல் ஆயில் நிறைந்தாலும் எஞ்சின் சும்மா இராது. அதை நுரையாக அடித்து டர்போவுக்குத் தள்ளிவிடும். அந்தப் புகைதான். அதிகமானதைக் கீழே வடித்து அளந்தார். ஒன்றரை லிட்டர். மூன்று ஞாயிறு. மூன்றாவது பிளக் உலர்ந்து சுத்தமாக இருந்தது. குடிகாரன் குடியை நிறுத்திவிட்டான். ஊற்றுகிறவன் நிறுத்தவில்லை.

அப்போதுதான் கறாருக்கு முழுசாக உறைத்தது. இதை ஒவ்வொரு வாரமும் வடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் தவறினால், தான் காய்ச்சலில் படுத்துவிட்டால், அந்தச் சாலையில் நிற்கப் போவது தங்கை. ஒரு முறை வாயை மூடிக்கொண்டு ஒருவனை லாரிக்குக் கொடுத்தாயிற்று. காரைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் அவள் வீட்டு ஷெட்டில் விட்டுப் பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், அதுவரை காரைத் தொடாதே என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிறு ஆறரைக்கே போய்விட்டார். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டைத் திறந்து, கம்பியைப் பார்த்தார், மேல்கோடு. மூடியில் கோடு போட்டார், பூட்டினார். சமையலறையில் உட்கார்ந்தார்கள். தங்கை தேநீர் போட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ பாய்லரைத் திறந்துவிட்ட சத்தம், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். கறார் கடிகாரத்தைப் பார்ப்பதும் டம்ளரைப் பார்ப்பதுமாக இருந்தார். தங்கை கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஷெட் பக்கச் சுவரை நோக்கி முகத்தை லேசாகத் திருப்பினாள். அவள் திருப்பிய பிறகுதான் சத்தம் வந்தது.

டொக். டொக்.

கறார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போகாதண்ணா. போனா ஒண்ணும் இருக்காது. நான் மொத வாரமே ஓடிப்போய்ப் பாத்துட்டேன்."

"மொத வாரமேவா?"

"ஒரு ஞாயிறுகூடத் தவறினதில்ல. நீ வண்டிய வாங்கி வச்சிருந்த வாரம்கூட, சனிக்கெழம திருப்பிக் குடுத்துட்ட. தேவலைன்னு இருந்துச்சு." பால்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "இப்பல்லாம் போய்ப் பாக்கறதில்ல. பாத்துக்கிட்டே இருந்தா நின்னுடுமோன்னு பயம்."

கறார் உட்கார்ந்தார். அவருடைய மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.

"எஞ்சின் மேல் மூடி போல்ட்டுல எல்லாம் புது வெள்ளை," என்றாள். "நாள் பூரா பல்லுக்குப் பல் வெள்ளை பாக்குறவ நான். பழைய கோடு மஞ்ச ஏறின வெள்ளை. இது போன மாசத்து வெள்ளை. எஞ்சின பிரிச்சிருக்க. சர்வீஸ்னு சொன்ன."

கறார் டம்ளரை மேஜைமேல் தள்ளி வைத்தார்.

"மூணாவது பிஸ்டன்தானே?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கறாருக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை. நெஞ்சில் யாரோ காலை வைத்து நிற்பது மாதிரி இருந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"அவருக்கு ரெண்டாம் வருஷமே தெரியும். அந்த ஒரு பிளக்கு மட்டும் நனைஞ்சிருக்கறத எங்கிட்ட காட்டினாரு. உள்ள ஒரு ரிங்கு தலகீழா இருக்குன்னாரு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். மச்சானுக்கும் தெரியும், அவன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு, நம்ம கேட்டா கூனிக்குறுகிப் போயிடுவான், அவனா ஒரு நாள் வந்து சொல்லட்டும்னாரு. சொல்ற வரைக்கும் நான் ஊத்திட்டுப் போறேன், அரை லிட்டர்ல என்ன கொறஞ்சுடப் போகுதுன்னாரு."

வெளியே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. கறார் மேஜையைப் பார்த்துக்கொண்டு, நான்தான் கொன்றுவிட்டேன் என்றார். அவள் இல்லை என்று சொல்லுவாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் எதிர்பார்ப்பார்கள்.

"லாரிக்காரனும் காரணம்," என்றாள். "நீயும் காரணம். இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்." பிறகு மணிக்கட்டை விட்டாள். "ஆனா எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல. போய் அவருகிட்ட சொல்லு."

கறார் ஷெட்டைத் திறந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கார் அமைதியாக நின்றது. பானெட்டைத் தூக்கினார். மூடியில் அவர் போட்ட கோடு உடையவில்லை. ஆனால் மூடியின் மேல் ஒரு பெருவிரல் அகலத்துக்கு ஆயில் ஈரம் பளபளத்தது. அலமாரி ஓரத்தில், அரைமணி நேரத்துக்கு முன்பு அவர் கசக்கிப் போட்டிருந்த துணி முக்கோணமாக மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடவில்லை. அவருக்கு முன்னால் யாரோ குனிந்து நிற்கிற மாதிரி, அந்த ஆள் நிமிர்வதற்கு இடம் விட்டு, ஒரு அடி தள்ளி நின்றார்.

"மாப்ளே," என்றார். "மூணாவது பிஸ்டன்ல ரெண்டாவது ரிங்க நான் தலகீழா போட்டுட்டேன். நீ அந்த மேனேஜர் கதை சொன்னப்ப. மொத மாசமே எனக்குத் தெரியும். டர்போ வண்டின்னா குடிக்கும்னு உங்கிட்ட பொய் சொன்னேன். நாலு வருஷம் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு, அதான். வேற ஒண்ணுமில்ல, வெக்கம். அதுக்கு நீ போய்ச் சேந்துட்ட."

கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை. "இப்ப திருப்பிப் போட்டுட்டேன். எல்லாப் புள்ளியும் மேல பாத்திருக்கு. இனிமே அது குடிக்காது. போதும் மாப்ளே. நீ ஊத்துனா அவளுக்குத்தான் ஆபத்து. போதும்."

ஷெட்டில் ஒன்றும் நடக்கவில்லை. டின் எதுவும் உருளவில்லை, காற்று அடிக்கவில்லை. புது ஆயில் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் கனமாக இருந்தது, பிறகு அதுவும் பழகிவிட்டது. கறார் அந்த அரை லிட்டரை வடித்துவிட்டுப் பானெட்டை மூடினார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளருக்குக் கோடு போட மறந்து வண்டியைக் கொடுத்துவிட்டு, பாதித் தெரு ஓடிப்போய் நிறுத்தினார். அந்த ஆள் வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருப்பான், அது பற்றிக் கறாருக்குக் கவலை இல்லை.

மறு ஞாயிறு தங்கை வீட்டுச் சமையலறையில் மறுபடி உட்கார்ந்தார்கள். தேநீர் ஆறியது. ஏழு மணி ஆயிற்று. தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு ஐந்து. ஏழு பத்து. நீ போய்ப் பாரேன், ஒருவேளை எனக்குத்தான் கேட்கவில்லையோ என்னவோ என்றாள்.

கறார் போய்ப் பார்த்தார். துணி அவர் கசக்கி வைத்தபடியே கசங்கிக் கிடந்தது. மூடி உலர்ந்திருந்தது. கம்பியை உருவினார். ஆயில் சரியாக மேல்கோட்டில் நின்றது. அவர் ஆசைப்பட்டது இதற்குத்தான், இதற்காகத்தான் வாயைத் திறந்து கெஞ்சினார். ஆனாலும் கம்பியைத் துடைத்து இரண்டாவது தடவை விட்டுப் பார்த்தார், பிறகு மூன்றாவது தடவை. ஒரு நூல் கூடியிருக்காதா என்று இருந்தது. கூடவில்லை.

கம்பியைச் செருகிவிட்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். மூடி எதிரிலேயே இருந்தது. விரலை மடக்கிக் கையைத் தூக்கினார். இரண்டே தட்டு. அவளுக்கு இன்னும் ஒரு வாரம் ஓடும். அடுத்த ஞாயிறும் வந்து தட்டலாம், அதற்கடுத்த ஞாயிறும் வரலாம், அவர் சாகும் வரை வரலாம். டர்போ வண்டி என்றால் குடிக்கத்தான் செய்யும் என்று சொன்னதும் இப்படி ஒரு காலைநேரத்தில்தான், இப்படி நல்ல எண்ணத்தோடு சொல்வது போலத்தான்.

கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. கறார் அதைக் கீழே இறக்கினார். மூடியைத் தொடாமல் பானெட்டை மூடிவிட்டு உள்ளே போனார். தங்கை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நின்னுடுச்சும்மா," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். இத்தனை மாதமாக அழாதவள், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். கறார் பக்கத்தில் போய் நின்றார்.